இடப்பக்கம் நானாவுக்கு, வலப்பக்கம் தம்பிக்கு

டிசம்பர் விடுமுறையில் கல்பிட்டிக்குப் போயே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். டொல்பின் பார்க்கும் ஆசை. மட்டக்களப்பிலிருந்து வந்து சிலாபத்தில் தங்கினோம். காலை ஏழு மணிக்கு முன்னேஸ்வரத்தில் கும்பிட்டுவிட்டு, நானும் அக்கா குடும்பமும் வாடகை வேனில் ஏறினோம். சாரதி ரிஸ்வான் புத்தளம் கரைத்தீவுக்காரர், நாற்பது வயதிருக்கும்.

வேன் இடப்பக்கம் சாய்ந்தே ஓடியது. அக்காவின் தண்ணீர்ப் போத்தல் உருண்டு உருண்டு என் காலடிக்கே வந்தது. "ரோட்டு அப்பிடித்தான் அக்கா" என்றார் ரிஸ்வான். ரோட்டு என்னவோ நேராகத்தான் கிடந்தது.

வழியில் முந்தல் என்ற ஊரில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் பின்னால் 'டக்' என்றது. ரிஸ்வான் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு யாருக்கோ போன் எடுத்தார். "நானா, ஒரு கொல முடிஞ்சி. அடுத்ததும் தாங்காது. உங்கட்டத்தான் வாறன்."

அக்கா என் கையைக் கிள்ளினா. அட கடவுளே, யாரிடம் வந்து மாட்டினோம்! பயத்தை மறைக்காமல் கேட்டேவிட்டேன். ரிஸ்வான் விழுந்து விழுந்து சிரித்தார். சிங்களத்தில் 'கொல' என்றால் இலையாம். அடுக்கடுக்காக இருக்கும் ஸ்பிரிங் பட்டைக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயராம்.

கண்ணெதிரே ஒரு கராஜ் திறந்திருந்தது. அதைத் திரும்பியும் பார்க்கவில்லை மனுசன். பாலாவியில் கல்பிட்டிக்குத் திரும்ப வேண்டிய வேன், ஊர்ந்து ஊர்ந்து நேரே புத்தளத்துக்குப் போனது.

"அப்படியென்ன கடை அது?" என்றேன்.

"தொண்ணூறுல எங்கள மன்னாரிலருந்து விரட்டி, நாங்க இங்க வந்து முகாமில இரிக்கக்குள்ள, எங்கட வாப்பாட வேனுக்குக் கொல அடிச்சது அவங்கட வாப்பா. வேற கடைக்குப் போனா எங்கட வாப்பா கனவுல வந்து ஏசுவாரு அக்கா."

போய்ப் பார்த்தால் ஒரே வளவில் இரண்டு பட்டறை, நடுவில் தகரவேலி. இரண்டு பக்கமும் ஒரே பெயர்ப்பலகை. அந்தப் பட்டறைக்கார வாப்பா கண்மூடிய பிறகு மகன்மார் பிரிந்துவிட்டார்களாம். மூத்தவர் நஸீர், ரிஸ்வான் போனில் 'நானா' என்றழைத்த அண்ணன்; இளையவர் நவ்ஷாத். பேச்சே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு "குடும்பக் கதை அக்கா" என்று முடித்துவிட்டார் ரிஸ்வான். ஒருவரிடம் போனால் மற்றவர் மனம் நோகும் என்று இவர் கண்டுபிடித்த வழிதான் எனக்கு அதிசயம்: இடப்பக்கச் சில்லின் வேலை நானாவுக்கு, வலப்பக்கம் தம்பிக்கு! ஆளுக்கொரு உயரத்தில் பட்டை போட்டால் வேன் ஏன் சாயாது என்று இப்போது புரிந்தது.

நஸீர் இடப்பக்கத்துக்குப் புதுப் பட்டை போட்டு முடித்தார். வேன் இப்போது மற்றப் பக்கம் சாய்ந்தது.

"இதில நான் ஏறமாட்டன்" என்றா அக்கா.

"அந்தப் பக்கத்தையும் நீங்களே சரிபண்ணுங்களேன்" என்றேன் நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல். ரிஸ்வானின் முகம் செத்துவிட்டது. அதை நஸீர் தொட்டால், நவ்ஷாத்தின் வாசலை இவர் இனி எப்படி மிதிப்பது?

நஸீரே தலையாட்டினார். "அது தம்பிட பக்கம். ரிஸ்வான், அங்கால போய் பட்டை வளைவ எத்தின அங்குலம் வெச்சிரிக்கான் எண்டு கேட்டுட்டு வா."

ரிஸ்வான் அசையவில்லை. "நான் போகமாட்டன். எத்தின நாளைக்கு நான் சாஞ்சி ஓடுற? நீங்க கேளுங்க நானா."

நஸீர் ஸ்பானரைக் கீழே போட்டார். கோபத்தில் எங்களை அனுப்பிவிடப்போகிறார் என்றே நினைத்தேன். தகரத்தடியில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"தம்பி... உன்ட பக்கம் எத்தின அங்குலம்?"

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது.

"ஏழரை, நானா. வரட்டா?"

"ஓம், வா."

ரிஸ்வான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, என்னத்துக்கு மறைப்பான்.

இருவருமாக இரண்டு பக்கத்தையும் ஒரே அளவாக்கிவிட, வேன் சாயாமல் ஓடியது; மூன்று மணி நேரம் பிந்தித்தான் கல்பிட்டி போய்ச் சேர்ந்தோம். படகு மறுநாள் விடியற்காலையில்தான் என்பதால் நட்டமில்லை. டொல்பினும் கண்டோம். போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: முந்தல் பக்கம் பள்ளம் அதிகம், புறப்படுமுன் பின்பட்டைகளைப் பாருங்கள். ஒரு பக்கம் உடைந்தாலும் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் தகரவேலி இருந்தால் சத்தமாகக் கேளுங்கள். அந்தப் பக்கம் ஆள் காத்துக்கொண்டுதான் இருப்பார்.