மில் வாசலில் சொன்ன பொய்

என் அம்மாவைப் பெற்றவளை ஊரில் எல்லோரும் பட்டன் பாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எவனும் பட்டன் இல்லாத சட்டையோடு அவள் வாசலைத் தாண்டிவிட முடியாது. "டேய், நில்லுடா. வயித்துக்குக் காத்து வாங்கவா போற?" என்று பிடித்து நிறுத்துவாள். சட்டையைக் கழற்றவிடாமலே தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவாள். முன்னறையில் தையல் மெஷின். அதன் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய பட்டன். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சீருடையெல்லாம் அவள் தைத்ததுதான். பிள்ளைகள் அவள்மேல் உயிரையே வைத்திருந்தார்கள்.

அப்படிப்பட்டவளுக்குப் பழிவாங்கத் தெரியும் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். தெரியும். நன்றாகவே தெரியும்.

தாத்தா மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தார். ரம்பத்தைச் சுழற்றும் பெல்ட்டின் மேல் ஒரு தகரக் கூடு இருக்கும், யாருடைய கையும் உள்ளே போய்விடாமல் இருக்க. பெல்ட் நழுவும்போதெல்லாம் கூட்டைக் கழற்றி மாட்டுவதில் நேரம் போகிறது என்று மில் மேனேஜர் அதை ஒரேயடியாகக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார். ஒரு நாள் காலையில் தாத்தாவின் சட்டைக் கை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. ஆளை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

விசாரிக்க வந்த அதிகாரிகளிடம், மில் வாசலில், அத்தனை தொழிலாளிகளும் சுற்றி நிற்க, மேனேஜர் சொன்னார்: "நல்ல வேலைக்காரன்தான். என்ன செய்யறது, காலையிலயே குடிச்சிட்டு வந்துட்டான். பக்கத்துல போனாலே வாடை." அன்று சாயங்காலமே தகரக் கூடு பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது.

தாத்தா இருமல் மருந்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற ஆள். பாட்டிக்கு அப்போது இளம் வயது, கையில் நாலு வயதுப் பெண் குழந்தை. அந்தக் குழந்தைதான் என் அம்மா.

அடக்கம் முடிந்த மறுநாள், மில்லில் பெல்ட் வேலை பார்க்கிறவர் கொல்லைப்புறமாக வந்தார். "அக்கா, கூட்டைக் கழட்டச் சொன்னதே அந்த மேனேஜர்தான். நான்தான் என் கையால கழட்டுனேன். ஆனா வெளிய சொன்னா என் வேலை போயிடும்" என்று அழுதார். பாட்டி அவரைத் திட்டவில்லை. தண்ணீர் கொடுத்தாள். "நீ சொல்ல வேணாம்ப்பா. பொய் சொன்ன வாயே உண்மையைச் சொல்லணும்" என்றாள்.

இதை அவள் ஏதோ ஆத்திரத்தில் சொன்னதாக அவர் நினைத்திருக்கலாம். பாட்டிக்கு அது வாழ்நாள் வேலை.

அம்மா பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், ஒரு நாள் விளையாட்டுக்கு யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அழுதுகொண்டு வந்தாள். அவளுக்குக் குடிகாரன் மகள் என்று பேர் வைத்திருந்தார்கள். பாட்டி மெஷினை நிறுத்தினாள். முகம் கழுவி, இருப்பதிலேயே நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு, மில்லுக்குப் போனாள். காரிலிருந்து இறங்கிய மேனேஜரிடம், "ஐயா, அன்னைக்கு என் வீட்டுக்காரர் குடிச்சிருந்தாரா?" என்று கேட்டாள்.

"போம்மா, போய்ப் பொழப்பைப் பாரு."

பாட்டி பிழைப்பையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். மேனேஜருக்கு மேடை என்றால் கொள்ளை ஆசை. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் பரிசு கொடுப்பது அவர். நூலகத்தைத் திறந்து வைப்பது அவர். அவர் எந்த மேடையில் ஏறினாலும் பாட்டி முன் வரிசையில் இருந்தாள். பேச்சு முடிந்ததும் எழுந்து அந்த ஒரே கேள்வியைக் கேட்பாள். சத்தம் போடமாட்டாள், திட்டமாட்டாள். பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

முதலில் ஊர் சிரித்தது. அப்புறம் நெளிந்தது. பிறகு, மேனேஜர் பேசும்போதே பாட்டி எப்போது எழுந்திருப்பாள் என்று திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது.

அம்மாவுக்கு விவரம் தெரிந்த வயதில் இதைத் தாங்க முடியவில்லை. "விட்டுடேன்மா. போற இடமெல்லாம் மானம் போகுது."

"போன மானத்தைத்தான்டி தேடிட்டிருக்கேன்."

மேனேஜர் சமாதானத்துக்கு ஒரு வழி பார்த்தார். மில் ஆட்கள் எல்லோருக்கும் சட்டை தைக்கச் சொல்லித் துணி மூட்டையை வண்டியில் அனுப்பினார். வருஷம் முழுக்கக் கவலையில்லாமல் ஓட்டக்கூடிய வேலை. பாட்டி மூட்டையைப் பிரிக்கவே இல்லை. "அளவு சரியா வரலைன்னு சொல்லுப்பா" என்று வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பினாள்.

ஆனால் அந்த மேனேஜரின் மகன் கிழிந்த சட்டையோடு தெருவில் போனபோது அவனையும் நிறுத்தித்தான் தைத்து விட்டாள். அவனுக்கா தைத்தாய் என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம், "தைக்க வேண்டியது அப்பன் வாயை. பையன் சட்டை என்ன பண்ணுச்சு?" என்றாள்.

மேனேஜர் ஒருமுறை நகர சபைத் தேர்தலில் நின்றார். கூட்டத்தில், யாருக்காவது கேள்வி உண்டா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார். உண்டு என்று பாட்டி எழுந்தாள். அவர் தோற்றார். அந்தக் கேள்வியால்தான் தோற்றார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பாட்டி உறுதியாகத்தான் சொன்னாள்.

அவருடைய ஓய்வு விழாவுக்கு நானும் பாட்டியோடு போனேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். முதலாளி அவர் கழுத்தில் பதக்கம் போட்டு, "இவர் கையில இந்த மில் பத்திரமா இருந்தது" என்றார். பாட்டி எழுந்தாள். யாரோ கைகாட்ட, வாத்தியக்காரர்கள் அவசர அவசரமாக வாசிக்கத் தொடங்கினார்கள். வாசித்து முடியும்வரை பாட்டி நின்றாள். கடைசி ஊதல் அடங்கியதும் கேட்டாள். மேனேஜர் மேடையின் பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போனார். பதக்கம் முதுகுப் பக்கம் திரும்பித் தொங்கியது.

அதற்குப் பிறகு அவர் எந்த விழாவுக்கும் வரவில்லை. கடைத்தெருவில் பாட்டியைப் பார்த்தால் எதிர்ச் சாரிக்கு மாறினார். ரொட்டி வாங்கக்கூட ஆள் அனுப்பினார். "பாவம், ஒதுங்கிட்டாரே, இன்னுமா?" என்று அம்மா கேட்டபோது பாட்டி மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒதுங்கினா போதுமா? உங்கப்பாவும்தான் ஒதுங்கிட்டாரு, மண்ணுக்குள்ள."

சில வருஷங்கள் கழித்து ஒரு முற்பகலில் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி போய்ச் சேர்ந்திருந்தாள், ஆள் பாதியாகியிருந்தார். நான் நாற்காலி போட்டேன். அவர் உட்காரவில்லை.

"என்னால முடியலம்மா. உங்க வீட்டுக்காரர் குடிக்கல. நான் பொய் சொன்னேன். வேலை போயிடும்னு பயந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

பாட்டியின் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றது. அத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. இப்போது அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இங்க யாரு இருக்கா? நான், என் பேத்தி, இந்த மெஷின். எங்க நின்னு சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க" என்றாள்.

"இப்பவா?"

"செருப்பைப் போடுங்க."

கடைத்தெரு வழியாகத்தான் கூட்டிப் போனாள். பின்பக்கச் சந்து வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். பாட்டிக்கு அது தெரியாதா என்ன. முன்னால் அவள், பின்னால் அவர், கடைசியில் நான். முடிதிருத்துகிறவர் கத்தரியோடு வாசலுக்கு வந்துவிட்டார். அவர் பின்னாலேயே பாதி முடி வெட்டிய தலையோடு ஒருவர். ரொட்டிக் கடைக்காரர் அடுப்பை விட்டுவிட்டு எங்களோடு நடந்தார். மில் வாசலில் மதிய இடைவேளை. இளவட்டத் தொழிலாளிகள் மர அடுக்கின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கிழவர் யாரென்றே தெரியாது.

மேனேஜர் தாத்தாவின் பெயரைச் சொல்லி, அவர் குடிக்கவில்லை என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கேக்கல" என்றாள் பாட்டி.

திரும்பச் சொன்னார்.

"கூடு?"

"கூட்டைக் கழட்டச் சொன்னது நான். அவர் சாவுக்கு நான்தான் காரணம். குடிச்சிருந்தான்னு சொன்னது பொய்." இந்த முறை ரம்பத்தருகே நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அழுதார். ஒரு பையன் இரக்கப்பட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"இப்பவாவது மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

பாட்டி அவரை மேலும் கீழும் பார்த்தாள். முதல் தடவையாக அவரை 'நீ' போட்டுப் பேசினாள். "இல்ல. நான் கேட்டது உண்மையை. நீ கேக்கறது வேற. அது எங்கிட்ட இல்ல." என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். வழியில் ரொட்டிக் கடையில் பெரிய கேக் ஒன்று வாங்கி, தெருவில் பார்த்த பிள்ளைகளுக்கெல்லாம் பிய்த்துக் கொடுத்தாள். அன்று மத்தியானம் மெஷினில் உட்காராமல் காலை நீட்டிப் படுத்து, குறட்டை விட்டுத் தூங்கினாள்.

மேனேஜர் இரண்டு வருஷத்தில் இறந்தார். அடக்கத்துக்குப் பாட்டி போகவில்லை, அன்றைக்குத் தைக்க நிறைய இருந்தது என்றாள். அதற்குப் பிறகும் வெகுகாலம் நன்றாக வாழ்ந்து, கண் மங்கி, நூல் கோக்க என்னைக் கூப்பிடும் நிலை வந்து, போன மாதம் போய்ச் சேர்ந்தாள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். உட்கார இடமில்லை. பட்டன் தைத்துக்கொண்ட பிள்ளைகள் வழுக்கைத் தலையோடு வந்து பேசினார்கள், சிரித்தார்கள், அழுதார்கள். மேனேஜரின் மகனும் மைக்கைப் பிடித்தார். "எங்கப்பாவையே மனசார மன்னிச்ச பெரிய மனசு அவங்களுக்கு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் மேடைக்குப் போய் மைக்கை வாங்கினேன். "மன்னிக்கல" என்றேன். "இவர் அப்பா பொய் சொன்னாரு. மில் வாசல்ல அதை ஒத்துக்கிட்டாரு. பாட்டி மன்னிக்கல. பக்கத்துல நின்னு பார்த்தவ நான். அவங்க இல்லைன்னதும் மாத்திச் சொல்லாதீங்க."

மேனேஜர் மகன் முகம் சிவந்து, "நல்லதுன்னு நினைச்சுதானே சொன்னேன்" என்றார்.

"உங்கப்பாவுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல் காதோரம் சொன்னாள்: "உட்காரு. இன்னொருத்தர் யாராவது அப்படிச் சொல்லட்டும், நான் போறேன்."