சண்டைக்கார மீன்களும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரருக்கு எந்தச் சண்டைக்கும் ஒரே மருந்துதான். இரண்டு பேர் முட்டிக்கொண்டால் ஒருவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். பிஸ்கட் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசராக இருபது வருடத்தை அப்படித்தான் ஓட்டினார். அங்கே சரி. அதை வீட்டுக்கும் கொண்டுவந்தது என் தலையெழுத்து. ராத்திரி மின்விசிறியை ஐந்தில் வைப்பதா, இரண்டில் வைப்பதா என்று எங்கள் பெண்கள் இருவரும் அடித்துக்கொண்டார்கள் என்று பெரியவளைத் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். மூன்று மாதம் ஆயிற்று. எப்போது கூட்டிவருவீர்கள் என்று கேட்டால், "கொஞ்சம் ஆறட்டும்" என்பார். அவள் என்ன கொதிக்கிற பாலா, ஆறுவதற்கு?

சின்னவள் வீட்டில் பேச்சைக் குறைத்துவிட்டாள். வாயைத் திறந்தால் என்மேல்தான் பாய்ந்தாள். அவளைக் குஷிப்படுத்துவதாக இவர் ஒரு மீன் தொட்டி வாங்கிவந்தார். கறுப்புப் பட்டை போட்ட டைகர் பார்ப் பத்து. கூடவே வயிற்றடியில் நூல்போல இரண்டு மீசை தொங்கும் கௌராமி ஒன்று. பத்தும் நாள் முழுக்க ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருந்தன. கௌராமி தன்பாட்டுக்கு மேலே மிதந்தது. எனக்குப் பார்க்கப் பிடித்திருந்தது. இவருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"அந்தப் பெருசுதான் ரவுடி" என்று வலையோடு நின்றார். அது பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. மறுநாள் இன்னொன்று ரவுடியானது. அது எதிர் வீட்டுக்கு. தெருவில் பாதிப்பேர் எங்கள் தயவில் மீன் வளர்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் மிஞ்சிய மூன்றும் சேர்ந்து கௌராமியின் மீசையைக் கடித்தே தீர்த்துவிட்டன. அது ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு தீனிக்குக்கூட வரவில்லை.

"இதுல எதை அனுப்பறதுன்னே தெரியலையே" என்று தலையைச் சொறிந்தார்.

"என்னை அனுப்புங்க. தொல்லை விட்டுது!" என்றேன்.

தொட்டி வாங்கிய கடைக்கே இருவரும் போனோம். கடைக்காரர் கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். "கூட்டமா இருந்தா அதுங்களுக்குள்ளயே துரத்திக்கிட்டுக் கிடக்கும் சார். ஆளைக் குறைச்சா பக்கத்துல நிக்கறதைத்தான் கடிக்கும். உங்களை யாரு பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டது?"

இவர் எட்டு டைகர் பார்ப் வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நடுத்தெரு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். "மீனைக் கூட்டிட்டு வந்தாச்சு. என் பொண்ணு எப்ப வருவா?"

வீட்டுக்கு வந்து மீன்களை விட்டதும் தங்கைக்குப் போன் போட்டுப் பெரியவளைக் கூப்பிடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டார். "வந்துடறியாம்மா?"

"எதுக்குப்பா? நான் இல்லாம வீடு அமைதியாத்தானே இருக்கு?"

அவள் வரவே மாட்டாளோ என்று பயந்து நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் சின்னவள் உள்ளேயிருந்து ஓடிவந்து போனைப் பிடுங்கினாள்.

"ஏய், என் ஹெட்போனை எடுத்துட்டுப் போனது நீதானே?"

"அது என்னோடதுடி!"

"பொய் சொல்லாத!"

மூன்று மாதப் பாக்கி மொத்தமும் வெளியே வந்தது. இவர் பழக்கதோஷத்தில் போனை வாங்கக் கையை நீட்டினார். பட்டென்று தட்டிவிட்டேன்.

"இரு, நாளைக்கே வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன்" என்று அங்கிருந்து கத்தினாள் பெரியவள்.

"வாடி, வந்து பாரு!" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கத்தினாள் சின்னவள்.