கிளாஸ்கோ பட்டமும் இலத்தூர்ப் பாலமும்

இந்த ஊரில் நல்ல இரும்பை உடைப்பதற்கும் மார்க் உண்டு. கிளாஸ்கோவுக்கு வந்த புதிதில், கல்லூரியில் ஆளுக்கொரு இரும்புச் சட்டத்தைக் கொடுத்து, மெஷினில் வைத்து முறியும்வரை அழுத்தச் சொன்னார்கள். எவ்வளவு பாரத்தில் முறிகிறது என்று எழுத வேண்டும். இலத்தூரில் வளர்ந்த எனக்கு மனசே வரவில்லை. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்டாலும் ஆகுமே. சென்னையில் படித்தபோது இதையெல்லாம் காகிதத்தில் கணக்காகத்தான் போட்டோம். ஜெர்மனியில் இன்னும் கடுமையாம். அங்கே படித்த என் கூட்டாளி சொல்கிறான், மாதக்கணக்கில் பட்டறையில் அரம் பிடித்துக் கை காய்த்த பிறகுதான் பாடமே தொடங்குமாம். மூன்று தேசத்துப் படிப்பில் நம்முடையதுதான் கடைசி என்று முடிவு கட்டி வைத்திருந்தேன்.

படிப்பு முடிந்து இங்கேயே பாலம் செய்யும் கம்பெனி ஒன்றில் படம் வரைகிறேன். எகிப்துக்கோ பர்மாவுக்கோ போகிற பாலத்தின் ஒரு மூலை மட்டும் என் மேஜைக்கு வரும். "இது எந்த ஆற்றுக்கு?" என்று மேலதிகாரியிடம் ஒருநாள் கேட்டேன். நான் படத்தில் குறை சொல்வதாக நினைத்துக்கொண்டு, "எல்லா அளவும் அதிலேயே இருக்கிறது, நன்றாகப் பார்" என்றார்.

போன சாரல் சீசனுக்கு லீவில் ஊருக்குப் போயிருந்தேன். குற்றாலத்தில் குளித்துவிட்டு, சென்னையில் என்னோடு படித்த தென்காசி முருகையாவிடம் கிளாஸ்கோ பெருமையெல்லாம் அளந்தேன். அவன் சென்னைப் படிப்போடு நின்றவன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுநாள் தான் கட்டிய பாலத்துக்கு அழைத்துப்போனான். இலத்தூர்ப் பாதையில் ஓடைக்குக் குறுக்கே ஒரு சின்னப் பாலம். சோதித்துப் பார்க்கக் கல் ஏற்றிய வண்டிகள் வரிசையாக நின்றன. அவன் காக்கி டவுசரோடு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பாலத்துக்கு அடியில் போய் நின்றான்.

"அங்கன எதுக்குலே போறே?" என்றேன்.

"ஒடைச்சுப் பாக்க நமக்கு ஏதுலே மெஷினு? கட்டுனவன்தான் கீழ நிக்கணும். நீயும் வா. ஒன் பாலத்துக்கு அடியில நின்னதில்லையா?"

நின்றதில்லை. எனக்கென்று ஒரு பாலமே இல்லையே. இறங்கிப் போய் அவன் பக்கத்தில் நின்றேன். தலைக்கு மேலே வண்டிகள் கடகடத்தன. அவன் சிரித்துக்கொண்டு நின்றான். எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை கடல் தாண்டிப் படித்தும் எனக்குக் கிடைக்காதது, ஊரைவிட்டு நகராத இவனுக்குக் கிடைத்துவிட்டதே. ஒரு விரிசலாவது விழாதா என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன், நானும் அடியில்தான் நிற்கிறேன் என்ற நினைப்புக்கூட இல்லாமல். விழவில்லை.

கப்பலுக்குப் புறப்பட்ட அன்று, என் மாட்டுவண்டி அந்தப் பாலத்தின் வழியாகத்தான் தென்காசி ஸ்டேஷனுக்குப் போயிற்று. முருகையா வழியனுப்பப் பாலத்தருகே வந்து நின்றான். "அடுத்த தடவ வரும்போ ஒன் பாலத்தோட போட்டோவக் கொண்டாலே" என்றான். சரி என்று தலையாட்டினேன். என் பெட்டி, என் பட்டம், நான் எல்லாவற்றையும் தாங்கி அவன் பாலம் அக்கரையில் விட்டது. கொஞ்சமாவது ஆடியிருக்கலாம்.