‘பணிவாக மாற்று’

ஒரு மென்பொருளில், நாம் எழுதியதைத் திருத்தி எழுதித் தரும் ஏஐ வசதியை வடிவமைப்பது என் வேலை. அரியலூரில் வீட்டிலிருந்தே செய்கிறேன். ‘பணிவாக மாற்று’ என்ற பொத்தான் நான் வைத்தது. அமுக்கினால் பழைய வரிகள் போய்ப் புதியவை வந்துவிடும். இரண்டையும் அருகருகே வைத்திருக்கலாமே என்று கூட வேலை செய்பவர் கேட்டார். எழுதுகிறவர்கள் குழம்பிப்போவார்கள் என்று மல்லுக்கு நின்றேன்.

அக்கா இங்கிருந்து தினமும் பஸ் ஏறி, பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகிறாள். அத்தானுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதே பள்ளியின் அரியலூர்க் கிளையில் ஓர் இடம் காலி என்று தெரிந்ததும், மாற்றல் கேட்டுத் தாளாளருக்கு என் கம்ப்யூட்டரில் மனு அடித்தாள். ‘எனக்கு வேறு வழியே இல்லை சார். பஸ்ஸில் ஃபோன் அடித்தாலே வயிறு கலங்குகிறது’ என்று அதில் இருந்தது. படித்துவிட்டுச் சும்மா இருந்தேனா? பெருமை பீற்றிக்கொண்டு பொத்தானை அமுக்கினேன். ‘தங்களுக்கு வாய்ப்பிருப்பின் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று வந்தது.

“எவ்வளவு அழகா இருக்குடி,” என்றாள். அதையே கொடுத்தோம்.

இடம் வேறொரு டீச்சருக்குப் போய்விட்டது. அக்கா போய்க் கேட்டதற்குத் தாளாளர், “வாய்ப்பிருந்தா பாருங்கன்னுதானேம்மா எழுதியிருந்தீங்க. இவ்வளவு அவசரம்னு தெரியாமப் போச்சே,” என்றாராம். முதலில் அவர்மேல் எரிச்சல் வந்தது, பிறகு என்மேல். பொத்தான்மேல் தப்பா, அமுக்கியவள்மேலா? வெளியிடும் முன் இந்த வசதியைச் சோதித்துப் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் திருத்தியதுதான் நல்லது என்றார்களே.

போன வாரம் இன்னோர் இடம் காலியானது.

“உன் பொத்தானே வேணாம். நான் மொதல்ல எழுதுனத எடுத்துக் குடு,” என்றாள் அக்கா.

எங்கே போய் எடுப்பது? பழையதை வைத்திருக்கக் கூடாது என்று சண்டை போட்டவள் நானாயிற்றே. நினைவிலிருந்த ஒரு வரியைச் சொன்னேன். “ஃபோன் அடிச்சாலே வயிறு கலங்குதுன்னு எழுதியிருந்தக்கா.”

“அதையெல்லாமா எழுதுனேன்? தாளாளருக்கா?” என்று வெட்கப்பட்டாள்.

பிறகு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘தங்களுக்கு வாய்ப்பிருப்பின்’ என்று தன் கையாலேயே எழுத ஆரம்பித்தாள். பேனாவைப் பிடுங்குவதா, விட்டுவிடுவதா என்று தெரியாமல் பக்கத்திலேயே நின்றேன்.