அக்கா போனில் தம்பியின் சர்க்கரை

திரைச்சீலை தைக்கும் அந்தக் கடையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட வயதில் மூத்த முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். கூடப்பிறந்தது என்னவோ ஒரே ஒரு தம்பி. லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது; தினமும் இன்சுலின் போட்டுத்தான் ஆகவேண்டும். ஊசியைப் பார்த்தாலே அம்மாவுக்குக் கை நடுங்கும் என்பதால், அவனுக்கு ஊசி போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் இவள்தான்.

போன வருஷம் டாக்டர் அவன் கையில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு சென்சாரை ஒட்டினார். அது சர்க்கரையை அளந்து அவன் போனில் இருக்கும் செயலிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சொந்தக்காரர் யாராவது ஒருவர் அதைத் தன் போனிலும் பார்க்கலாம். தம்பியே வந்து அந்தச் செயலியை அவள் போனில் போட்டுக்கொடுத்தான்.

"இனிமே 'சாப்டியா, சாப்டியா'ன்னு போன் பண்ணி உயிரை வாங்காத. நீயே பாத்துக்கோ."

பார்த்தாள். அதுதான் வினையாகப் போனது. முன்பெல்லாம் ஒருமுறை போன் செய்தால் அன்றைய கவலை அடங்கிவிடும். இப்போது தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே போன். எண் ஏறினால் என்ன தின்றான் என்று யோசனை. இறங்கினால் ஏன் தின்னவில்லை என்று யோசனை. ஒருநாள் யாரோ வீட்டு வரவேற்பறைத் திரை ஒரு சாண் குட்டையாகிப் போனது.

"நம்ம வீட்ல மூணு பேர் இருக்கோம். நீ, நான், உன் தம்பி சுகர்," என்றார் கணவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மதியம் எண் மளமளவென்று இறங்கியது. அம்புக்குறி கீழே பார்த்தது. அடுத்த நிமிஷம் போனில் ஓடிக்கொண்டிருந்த கோடே நின்றுவிட்டது. லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கினால் சிக்னல் கிடைக்காது என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். புத்திக்குத் தெரிந்தது விரலுக்குத் தெரியவில்லை. அவனைக் கூப்பிட்டாள், மறுபடி கூப்பிட்டாள், கடைசியில் அவன் கம்பெனியையே கூப்பிட்டாள்.

"என் தம்பிக்கு சர்க்கரை நோய் சார். உள்ள மயங்கிக் கிடக்கிறானோன்னு பயமா இருக்கு. யாரையாவது அனுப்புங்க."

கையில் கத்தரிக்கோலோடு ஓடியவள், பாதி வழியில்தான் அதைப் பைக்குள் போட்டாள். கம்பெனி சொன்ன அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது படிக்கட்டெங்கும் ஆட்கள். சூப்பர்வைசர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். தம்பி கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தான். சர்க்கரை இறங்கினால் அவன் போன் குழிக்குள்ளும் அலறும். அந்த எண் அவள் போனுக்கு வரத்தான் சிக்னல் வேண்டும். அலறியதுமே சட்டைப்பையிலிருந்த மிட்டாயைத் தின்றுவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறான்.

"நல்லா இருக்கியாடா?"

"நீ வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்."

சூப்பர்வைசர் அவனைப் பார்த்தார். "இந்த விஷயத்தை ஏன்ப்பா எங்ககிட்ட மறைச்ச?"

அவள் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. அவன் நோய் வேலையிடத்தில் யாருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவனைக் குழி வேலையிலிருந்து எடுத்து, ஆபீசில் புகார் போன் எடுக்க உட்கார வைத்தார்கள். அன்று சாயங்காலமே அவள் போனில் 'பகிர்வு நிறுத்தப்பட்டது' என்று வந்தது. அதன்பின் அவள் கூப்பிட்டால் அவன் எடுப்பதில்லை.

எண் இல்லாத செயலியைத் திறந்து திறந்து பார்த்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் அடுத்த நிறுத்தம் வரை நடந்தாள். அங்கும் நிற்க முடியாமல் அதற்கடுத்ததற்கு நடந்தாள்.

கடைசியில் ஒரு சாப்பாட்டு வேளையில் அவன் ஆபீசுக்கே போனாள். ஒடுக்கமான அறை, மேஜை நிறைய போன்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்ட யாரோ ஒரு அம்மாவிடம் அவன் பேசிக்கொண்டிருந்தான்.

"பயப்படாதீங்கம்மா. லிஃப்ட் விழாது. காத்து வரும். ஆள் கிளம்பிட்டாங்க, நான் லைன்லயே இருக்கேன்."

அவன் போனை வைக்கும்வரை வாசலிலேயே நின்றாள்.

"என்கிட்ட ஒரு தடவையாவது இப்படிப் பேசியிருக்கியாடா?"

அவனுக்குக் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"தெரியாம இருந்தப்ப ஒரு பயம்தான்டா," என்றாள். "இப்ப ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு பயம்."

"எனக்கு நோய் ஒண்ணு, அதைப் பாக்குற நீ ஒண்ணு. ரெண்டையும் தூக்கிட்டு ஏணி ஏற முடியலக்கா."

"உன் வேலைக்கு உலை வச்சிட்டேன்," என்றாள் அவள்.

"நான்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். சொன்னா எடுத்திருக்க மாட்டாங்கன்னு பயம்."

அவன் குழியில் இறங்கி வேலை செய்யலாம் என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். கம்பெனி இழுத்தடித்து ஒருவழியாக ஒத்துக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. அவன் தனியாகக் குழியில் இறங்கக்கூடாது. கூட இறங்கும் ஆளுக்கு அவன் போனின் அலறல் கேட்டால் என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டும். நெட்டை என்று கூப்பிடப்படும் கூட்டாளி அதற்கு முன்வந்தான்.

"அப்ப எனக்கு?" என்றாள்.

"உனக்கு நானே போன் பண்றேன். நம்பர் கிடையாது, குரல்தான்."

அவன் குழிக்குத் திரும்பிய முதல் நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. அவர்கள் குழிக்குள் இறங்குமுன்பே நெட்டையைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

"அக்கா, உங்க தம்பி நல்லா இருக்கான்," என்றான் நெட்டை. "எனக்குத்தான் இப்ப மயக்கம் வருது."

தம்பி மதியம் கூப்பிடுவான். சாப்பிட்டேன் என்பான், வைத்துவிடுவான். சில நாள் மறந்துவிடுவான். அந்த நாட்களில் அவளால் மெஷினில் உட்கார முடியாது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, ஜன்னல் அளக்க வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கிளம்பிவிடுவாள். இப்போதெல்லாம் அக்காவுக்குத் தொழிலில் அக்கறை கூடிவிட்டது என்று முதலாளிக்கு ஏக சந்தோஷம்.