எட்டுப் பேருக்கு முதலாளி

பள்ளிச் சீருடை தைக்கிற தொழிலில் மே மாதம் ஊசி குத்தினால்கூட வலி தெரியாது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரம் கரமனையில் எட்டுப் பேரை வைத்து ஒரு தையல் யூனிட் நடத்தினேன். அவர்களுக்கு நான் சேச்சி, அதாவது அக்கா. நாலு பேரை வேலைக்கு வைத்துக்கொண்டு அவஸ்தைப்படுகிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோபத்தில் சொன்னது

கட்டிங் மாஸ்டர் தங்கராஜ் மார்த்தாண்டத்துக்காரர். ஒரு மே மாதம் அறுபது பாவாடைகளை இரண்டு அங்குலம் குட்டையாக வெட்டிவிட்டார். "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்றேன். அடுத்த வாரம் லேபர் ஆபீசிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது.

ஆபீசர் இருவரையும் உட்காரவைத்து, "விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தீர்களா?" என்றார். இல்லை. "வாயாலாவது கேட்டீர்களா?" அதுவும் இல்லை. அப்போதுதான் தங்கராஜ் பக்கம் திரும்பி, ஏன் அப்படி ஆனது என்று கேட்டேன். மனைவிக்கு ஆபரேஷன், மூன்று நாள் மெடிக்கல் காலேஜ் வராந்தாவில் தூங்காமல் கிடந்துவிட்டு நேராக வேலைக்கு வந்திருக்கிறார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. மறுநாளே வரச் சொன்னேன். படியிறங்கும்போது மெதுவாகச் சொன்னார்:

"இதை அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே, சேச்சி."

செல்வியின் ஞாயிறு

செல்வி போனக்காடு எஸ்டேட் பெண். அம்மா மலைமேல் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தனியாக இருந்தாள். ஞாயிறு காலை கிளம்பி, வித்துராவில் பஸ் மாறி, வீட்டுக்குப் போய்ச் சேரும்போதே திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அதனால் மூன்று ஞாயிறு வேலை செய்துவிட்டு, நாலு நாள் சேர்த்து லீவு கேட்டாள். நல்லதுதானே என்று ஒத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து அவளை மிஷினில் பார்த்துவிட்டார். அவளே கேட்டது என்றேன். "அவள் வேண்டாம் என்று சொன்னாலும் முடியாது அம்மா, வாரம் ஒரு நாள் லீவு கொடுத்தே ஆகணும்" என்றார். பிறகு சனிக்கிழமை மத்தியானமே அவளை அனுப்பி, திங்கள் பத்தரைக்கு வரச் சொல்லி ஏற்பாடு செய்தேன். ஆனால் அன்றைக்கு, இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடும்வரை நின்றிருந்த செல்வி பணிவாகவே கேட்டாள்:

"எங்க எஸ்டேட்டுக்கு இன்னொரு பஸ் விட உங்க சட்டத்தில வழி உண்டா, சாரே?"

ஒரு காகிதம்

பாறசாலை சாந்தி சேலைத் தலைப்பை எப்போதும் இழுத்துப் போர்த்தியிருப்பாள். ஒரு நாள் தலைசுற்றி உட்கார்ந்தபோதுதான் ஏழு மாதம் என்று தெரிந்தது. ஏன் மறைத்தாய் என்றேன். முன்பு இருந்த கடையில் சொன்ன மறுநாளே நிறுத்திவிட்டார்களாம்.

இந்தத் தடவை நானே முன்கூட்டி லேபர் ஆபீசுக்குப் போனேன். பிரசவ லீவுச் சட்டம் பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். கட்டுப்படுத்தாவிட்டால் என்ன? மூன்று மாதம் கழித்து வா, உன் மிஷினில் வேறு யாரையும் உட்காரவைக்க மாட்டேன் என்றேன். அவள் தலையாட்டினாள், கண்ணில் நம்பிக்கை இல்லை. லெட்டர்பேடை எடுத்து அதையே எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினாள்:

"தேதி போடல்லியே, சேச்சி."

சட்டத்தை நான் கற்ற வரிசை இதுதான்: முதலில் தப்பு, அப்புறம் கடிதம், கடைசியில் புத்தகம்.