பலெர்மோவில் சிவப்பு விளக்குக்கு நின்றவன்

இத்தாலியில் பலெர்மோ நகருக்குப் போகிற நண்பர்கள் அங்கே மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஏப்ரலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், பிறகு உங்கள் பாடு.

அப்போது நைஜீரியாவில், கடூனாப் பக்கம், கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மன்னாரில் சண்டை, விடுமுறைக்கு ஊர் போக வழியில்லை. சித்தியின் மகன் ஜெராட் பலெர்மோவில் இருந்தான், அவனிடம் போனேன். பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி அவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. பொலிசில் ஒரு சின்னப் பதிவு விழுந்தாலும் எல்லாம் கெட்டுவிடும் என்ற பயத்திலேயே நடமாடினான்.

கடூனாச் சாலையில் வேகப் பலகையை யாரும் வாசிப்பதில்லை. சோதனைச் சாவடியில் பிரேக் பிடிக்குமா என்று கேட்கமாட்டார்கள். நோட்டை உள்ளங்கையில் மடித்துச் சாரதி கை குலுக்கினால் போதும். ஐரோப்பா அப்படியிராது என்று நம்பிப் போனேன். நல்ல நம்பிக்கை! பலெர்மோவில் மாஃபியாவுக்குப் பயந்து நீதிபதிகளின் வீட்டு வாசலில் ராணுவம் துப்பாக்கியோடு நிற்க, அதன் முன்னாலேயே தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்று ஒரே மோட்டொரீனோவில் சிவப்பைத் தாண்டிப் போனார்கள். மோட்டொரீனோ என்றால் அங்கத்தைய மொபெட்.

ஜெராட்டுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு இத்தாலிய அம்மாவின், தோட்டத்தில் வேலை. பலெர்மோவின் ஒரேத்தோத் தெருவில் இருந்த அவன் அறையிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர். நானும் வருகிறேன் என்றதும் அறைத் தோழனின் மோட்டொரீனோவை எனக்கு இரவல் வாங்கி வந்தான்.

"உனக்குப் பின்னாலை இருந்து வாறன். இரண்டு எதுக்கடா?"

"இதிலை ரெண்டு பேர் ஏறக்கூடாது அண்ணை. சட்டம்."

ஹெல்மெட்டும் போட்டான். பெரியவர்களுக்கு மொபெட்டில் அது அப்போது கட்டாயம்கூட இல்லை.

கடற்கரைச் சாலையில் ஒரு சந்தி. முன்னால் போன நான் சிவப்பைக் கண்டும் எல்லோரோடும் சேர்ந்து தாண்டிவிட்டேன், கடூனாப் பழக்கம். அவன் நின்றான். ஒருவன் அங்கே நிற்பான் என்று பின்னால் வந்த கார்க்காரர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். டமார்!

ஓடிப் போனேன். ஜெராட்டின் இடது மணிக்கட்டு கோணிக்கொண்டு தொங்கியது. கார்க்காரர் இறங்கி, ஏன் நின்றாய் என்று அவனைத்தான் ஏசினார். மீன் விற்ற பெண் ஒருத்தி பொலிசைக் கூப்பிடப் போனாள். உடனே ஜெராட் எழும்பி, கார்க்காரரிடம் "ஸ்கூஸி, ஸ்கூஸி" என்று மன்னிப்புக் கேட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இடிச்சவன் அவன். நீ ஏன்டா மன்னிப்புக் கேக்கிறாய்?"

"கத்தாதேங்கோ அண்ணை. பொலிஸ் வந்தா என்ரை பேர் பதிவாகும். பெர்மெஸ்ஸோ போச்சு. வாங்கோ, போவம்."

மாதா கோவில் சாமியாருக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் எலும்பைச் சேர்த்துக் கட்டுப் போட்டார். அந்த மாதம் முழுக்க ஜெராட்டுக்கு வேலையில்லை.

இப்போது அங்கே நிலைமை திருந்தியிருக்கலாம். ஆனாலும் பகேரியாவுக்கு ரயிலில் போங்கள். மத்திய நிலையத்திலிருந்து கால் மணித்தியாலம் அளவில் போய்விடலாம். நகருக்குள் பஸ் போதும், அந்த நாளில் டிக்கெட் ஆயிரத்து ஐந்நூறு லீரா. பாதையைக் கடக்கும்போது பச்சை விளக்கை நம்பாமல் சாரதியின் முகத்தைப் பாருங்கள். கபோச் சந்தையின் நெரிசலுக்குள்ளும் மோட்டொரீனோ வரும், கவனம்.

அடுத்த மாரியில் ஜெராட் என் பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்தான். அழுகிறானா சிரிக்கிறானா என்று பிடிபடவில்லை.

"பெர்மெஸ்ஸோ கிடைச்சிட்டுது அண்ணை! இனி நான் சிவப்புக்கு நிக்கத் தேவையில்லை."

சந்தோஷப்படுவதா, ஏசுவதா? "ஹெல்மெட்டையாவது கழட்டாதை" என்றேன்.